ஐம்பது மில்லிகிராம் புரட்சி

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கெமிஸ்ட்ரி, நிறைய கடுப்பு. ப்ளஸ் டூ வேதியியல் வாத்தியார் ஞாபகம் வந்து பயந்து ஓடுறவங்க இப்பவே ஓடிடலாம். சமன்பாடு ஒண்ணு கூட எழுத மாட்டேன். சத்தியம்.

போன வாரம் ஒரு நண்பர் ஒரு செய்தியை அனுப்பி வச்சாரு. கரியமில வாயுவைத் தின்னு பெட்ரோல் கக்குற வினையூக்கி கண்டுபிடிச்சுட்டாங்களாம், புவி வெப்பமாதல் பிரச்சினையே தீர்ந்துச்சாம். கீழ வெள்ளைக் கோட்டு போட்ட நாலு பேர் ஒரு கண்ணாடிக் குழாயைப் பார்த்து சிரிச்சுக்கிட்டு நிக்குறாங்க. "நீதான் ஒரு காலத்துல இதுல குப்பை கொட்டினியே, உண்மையா?"ன்னு கேட்டிருந்தாரு.

குப்பை கொட்டினேன்தான். அந்தக் குப்பையைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

மேட்டர் இதுதான். மீத்தேனையும் கரியமில வாயுவையும் 800 டிகிரி சூட்டுல நிக்கல் மேல விட்டா, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். இந்தக் கலவைக்குத்தான் தொகுப்பு வாயு, சின்காஸ்னு பேரு. இதுலேருந்து மெத்தனால், டீசல், இன்னும் என்னென்னவோ செய்யலாம். கரியமில வாயுவுக்குப் பதிலா நீராவி விட்டா அது ஸ்டீம் ரிஃபார்மிங். உலகத்துல அம்மோனியாவுக்கும் உரத்துக்கும் வேண்டிய ஹைட்ரஜன்ல பெரும்பங்கு அந்த வழியிலதான் வருது. நம்ம மணலி உரத் தொழிற்சாலை நாப்தா ஓட்டினப்பவும் சரி, 2019ல இயற்கை வாயுவுக்கு மாறின பிறகும் சரி, உள்ள குழாய்ல உட்கார்ந்து வேலை பாக்குறது நிக்கல்தான்.

கரியமில வாயு விட்டுப் பண்றதுக்கு ட்ரை ரிஃபார்மிங்னு பேரு. இது என்னமோ நேத்து ராத்திரி கண்டுபிடிச்சது மாதிரி செய்தி வருது பாருங்க, ஃபிஷரும் ட்ராப்ஷும் ஜெர்மனியில 1928லயே இதை ஆராய்ஞ்சு எழுதிட்டாங்க. நூறு வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்ச வினை. அப்புறம் ஏன் ஊரெல்லாம் இதுக்கு ஆலை இல்ல? அங்கதான் நிக்கலோட குணம் வருது.

ரோடியம், ருத்தீனியம் எல்லாம் இந்த வேலையை அருமையா செய்யும். ஆனா விலை கேட்டா மயக்கம் வரும். நிக்கல் மலிவு, வேலையும் செய்யும். மூணே மூணு கெட்ட பழக்கம். ஒண்ணு, கரி பிடிக்கும். ரெண்டு, சூட்டுல பொடிப்பொடியா இருக்குற துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து உருண்டையாயிடும். நிக்கல் உருகுறது 1455 டிகிரியில. ஆனா சுமார் 590 டிகிரியிலேயே அதோட அணுக்கள் நகர ஆரம்பிச்சுடும். நாம ஓட்டுறதோ 800ல. மூணு, கந்தகம் துளி பட்டாலும் படுத்துடும்.

இதுல முதல் பழக்கம்தான் கொலைகாரப் பழக்கம். தோசைக்கல்லுல கரி பிடிக்கிற மாதிரி மேல படிஞ்சா சுரண்டிட்டுப் போயிடலாம். இது அப்படி இல்ல. மீத்தேன்லேருந்து வர்ற கார்பன் நிக்கல் துகளுக்கு உள்ள கரைஞ்சு, இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் நூலா வெளிய வரும். வளர வளர நிக்கல் துகளைத் தலையில தூக்கிக்கிட்டு வளரும். கோயில் கோபுரத்துல அரசங்கன்று முளைச்சா என்ன ஆகும்? இலை அழகாத்தான் இருக்கும், உள்ள வேர் கல்லைப் பிளந்துக்கிட்டு இருக்கும். அதே கதைதான். வினையூக்கி உருண்டை உள்ளேருந்து வெடிச்சுத் தூளாகும், குழாய் அடைச்சுக்கும், வாயு போகாத இடத்துல குழாய் சூடேறிச் சிவக்கும். தொழிற்சாலையில ரிஃபார்மர் குழாய் சிவந்து தெரிஞ்சா ஷிஃப்ட்ல இருக்குறவனுக்கு வயித்தைக் கலக்கும். குழாய்ச் சுவர் 20 டிகிரி கூடுதலா ஓடினாலே அதோட ஆயுள் பாதியாகிடலாம்னு ஒரு கணக்கு உண்டு.

சரி, இப்ப என் குப்பைக்கு வருவோம்.

நான் ஆராய்ச்சி மாணவனா இருந்தப்ப (எங்கன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்) எனக்குக் கொடுத்த வேலை, நிக்கலை ஒரு புது ஆக்சைடு மேல ஏத்தி ட்ரை ரிஃபார்மிங் ஓட்டிப் பாக்குறது. சுண்டுவிரல் கூட நுழையாத ஒரு குவார்ட்ஸ் குழாய். அதுல குவார்ட்ஸ் பஞ்சு வச்சு, மேல 50 மில்லிகிராம் பொடி. ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு. வாயுவை நைட்ரஜனோட கலந்து நீர்க்க வச்சு, 800 டிகிரியில 24 மணி நேரம் ஓட்டினேன். மீத்தேன் மாற்ற விகிதம் 90க்கு மேல, ரூலர் வச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா வந்துச்சு. லேப்ல எல்லாருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் குழாயைத் திறந்தா பொடி கறுப்பா உப்பிப் போய் பஞ்சைத் தள்ளிக்கிட்டு நிக்குது. எடுத்து எடை போட்டா 50 மில்லிகிராம் 80க்கு மேல காட்டுது. கூடுதலா இருந்தது அத்தனையும் கரி. ஓட்டத்தோட கடைசி மணி நேரங்கள்ல குழாயோட முன்பக்க அழுத்தம் ஏறிக்கிட்டே வந்ததையும் நான் நோட்ல எழுதி வச்சிருந்தேன்.

கைடுகிட்ட போய்ச் சொன்னேன். "கன்வெர்ஷன் ஸ்டேபிளா இருக்குல்ல?"ன்னு கேட்டாரு. "இருக்கு சார்." "அப்புறம் என்னப்பா? கரியை அடுத்த பேப்பர்ல பாத்துக்கலாம்." அடுத்த பேப்பர் வரவே இல்ல. முதல் பேப்பர் வந்துச்சு, தலைப்புலயே "மிக நிலையான"ன்னு ஒரு வார்த்தையோட. கைடை மட்டும் குறை சொல்லித் தப்பிச்சுக்க மாட்டேன். தட்டச்சு பண்ணினது நான், அனுப்புற பொத்தானை அமுக்கினதும் நான். எனக்கு அப்ப ஃபெலோஷிப் முடியப் போகுது.

அந்த நேர்கோடு பொய்யான்னு கேட்டா, பொய் இல்ல. அதுதான் இதுல இருக்குற சூட்சுமம். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் இந்த வினை எவ்வளவு தூரம் போகும்னு ஒரு உச்சவரம்பு இருக்கு. சமநிலைன்னு சொல்வாங்க. எவ்வளவு நல்ல வினையூக்கி போட்டாலும் அதைத் தாண்ட முடியாது. இப்ப ஒரு கல்யாணப் பந்தியை எடுத்துக்கோங்க. சாப்பிட உட்கார்ந்தது முப்பது பேர், பரிமாற நிக்கிறது இருபது பேர். அதுல பதினஞ்சு பேர் பின்பக்கமா நழுவி பீடி குடிக்கப் போயிட்டாங்க. இலையில சாம்பார் வர்றதுல ஏதாவது வித்தியாசம் தெரியுமா? தெரியாது. மீதி அஞ்சு பேரே போதும். நீங்க இலையை மட்டும் பாத்து "பரிமாறும் படை மிக நிலையாக இருந்தது"ன்னு பேப்பர் எழுதலாம். பந்தியில முன்னூறு பேர் உட்கார்ந்தாத்தான் தெரியும் எத்தனை பேர் ஓடிப் போனாங்கன்னு.

அதாவது, தேவைக்கு மேல வினையூக்கியைப் போட்டு சமநிலைக்குப் பக்கத்துல ஓட்டினா, முக்கால்வாசி செத்துப் போனாலும் கோடு நேராத்தான் வரும். நிலைத்தன்மையைச் சோதிக்கணும்னா வாயுவைக் கூட்டி, பொடியைக் குறைச்சு, மாற்ற விகிதம் வரம்புக்கு ரொம்பக் கீழ இருக்கும்படி ஓட்டணும். அப்ப ஒரு துகள் செத்தாலும் கோடு கீழ இறங்கும். இது ஏதோ ரகசியம் இல்ல. வினையூக்கத் துறையில பெரியவங்க திரும்பத் திரும்ப எழுதிட்டாங்க. எனக்கும் தெரியும். என் கைடுக்கும் தெரியும். பேப்பரைத் திருத்தினவருக்கும் தெரிஞ்சிருக்கணும். இருந்தும் இன்னைக்கு வரைக்கும் 90 சதவீதத்துல நேர்கோடு போட்டு "சிறந்த நிலைத்தன்மை"ன்னு எழுதுற பேப்பர் வந்துக்கிட்டேதான் இருக்கு. என் கடுப்பு இதுதான்.

இன்னும் சில கைவரிசைகளையும் சொல்லிடுறேன், நானே பண்ணினதுதான்.

வாயுவை நைட்ரஜனோ ஆர்கானோ கலந்து நீர்க்க விடுறது. கரி குறையும், சூடும் சமாளிக்கும். ஆனா ஆலையில எவனும் முக்கால்வாசி நைட்ரஜனைச் சூடு பண்ணிக்கிட்டு உட்கார மாட்டான்.

ஒரு பார் அழுத்தத்துல ஓட்டுறது. ஆலையில ரிஃபார்மர் ஓடுறது பெரும்பாலும் 20, 30 பார்ல. அழுத்தம் ஏறினா மாற்ற விகிதத்தோட உச்சவரம்பே கீழ இறங்கும். குவார்ட்ஸ் குழாய் 30 பார் தாங்காது, அதனால அந்தப் பேச்சையே எடுக்கறதில்ல.

சிலிண்டர்ல வர்ற சுத்தமான வாயு. நிஜ வாயுல கந்தகம் இருக்கும். அதுக்காக ஆலையில முன்னாடியே துத்தநாக ஆக்சைடு படுகை வச்சு உறிஞ்சுவாங்க, அப்பவும் கொஞ்சம் தப்பி வரும்.

கடைசியா, ஒப்பிட ஒரு நோஞ்சான். "வழக்கமான நிக்கல்-அலுமினாவை விட நம்முடையது சிறந்தது"ன்னு காட்டணும். அந்த வழக்கமான நிக்கல்-அலுமினாவையும் நாமதான் செய்யணும். எவ்வளவு அக்கறையா செய்வோம்னு நெனைக்கறீங்க? :-)

உடனே "எல்லாமே டுபாக்கூரா?"ன்னு பின்னூட்டத்துல கும்ம வராதீங்க. நல்ல வேலை இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நானும் அந்தச் செய்தி எழுதினவர் மாதிரிதான்.

டென்மார்க்ல ராஸ்ட்ரப்-நீல்சன்னு ஒருத்தர், டாப்ஸோ நிறுவனத்துல இருந்தவரு. கந்தகம் நிக்கலுக்கு விஷம்னு எல்லாருக்கும் தெரியும். அவர் அந்த விஷத்தையே அளவா கொடுத்தாரு. நிக்கல் மேற்பரப்புல கந்தகம் பாதிக்கு மேல இடத்தைப் பிடிச்சுக்கிட்டா வேலை வேகம் குறையும், ஆனா கரி வளர்றது அதை விடப் பல மடங்கு குறையும். காரணம், ரிஃபார்மிங் நடக்கச் சின்ன இடம் போதும், கரி முளைக்கப் பக்கத்துப் பக்கத்துல நிறைய நிக்கல் அணு வேணும். 1984ல அந்தக் கட்டுரை வந்துச்சு. அந்த அடிப்படையில ஒரு தொழில் முறையே உருவாச்சு. இதுல அவர் எதை விட்டுக்கொடுத்தாருன்னு பாருங்க: வேகத்தை. "என் வினையூக்கி மெதுவானது, ஆனா சாகாது"ன்னு சொல்ல ஒரு தைரியம் வேணும்.

1998ல பெசன்பாக்கர் குழு, நிக்கல் மேல கொஞ்சூண்டு தங்கம் வச்சா கரி குறையும்னு கணக்குப் போட்டு, அப்புறம் செஞ்சும் காட்டினாங்க. 2002ல அதே டேனிஷ் வட்டாரத்துலேருந்து இன்னொரு கட்டுரை: நிக்கல் துகளோட மேற்பரப்புல படிக்கட்டு மாதிரி விளிம்புகள் இருக்குல்ல, அங்கதான் வினையும் வேகமா நடக்குது, கரியும் அங்கதான் முளைக்குது. பொட்டாசியம், கந்தகம், தங்கம் மூணும் போய் உட்கார்றது அந்தப் படியிலதான். 2004ல ஹெல்வெக் குழு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு உள்ளயே மீத்தேனை விட்டு, நிக்கல் துகள்ல கார்பன் நூல் வளர்றதைப் படமாவே எடுத்துட்டாங்க. இதெல்லாம் படிக்கும்போது ஒரு திருப்தி வரும். ஏன்னா நோய் எங்கேருந்து வருதுன்னு தேடியிருக்காங்க. நாங்க பண்ணினது பத்து ஆக்சைடு வாங்கி, பத்துலயும் நிக்கலை ஏத்தி, எது நேர்கோடு தருதோ அதுக்குப் பேர் வைக்கிறது.

2020ல கொரியாவுலேருந்து யவுஸ் குழுவோட ஒரு பேப்பர் சயன்ஸ் இதழ்ல வந்து பெரிய பரபரப்பு ஆச்சு. மக்னீசியம் ஆக்சைடு படிகத்து மேல நிக்கலும் மாலிப்டினமும். நிக்கல் துகள் படிகத்தோட விளிம்புக்கு நகர்ந்து போய் அந்தப் படியை அடைச்சுக்குது, அதோட அங்கயே நின்னுடுதுன்னு விளக்கம். 800 டிகிரியில 850 மணி நேரத்துக்கு மேல ஓட்டினாங்க. மரியாதையான வேலை. ஆனா அதே ஆண்டு அதே இதழ்ல ஹூவும் ரக்கன்ஸ்டைனும் எதிர்க் குறிப்பு எழுதினாங்க: மக்னீசியம் ஆக்சைடு வச்சு முன்னாடியே நாங்களும் மத்தவங்களும் செஞ்சதைக் கண்டுக்கவே இல்லையேன்னு. இவங்க தொண்ணூறுகள்லேருந்தே நிக்கல்-மக்னீசியம் ஆக்சைடு திண்மக் கரைசல் பத்தி எழுதிக்கிட்டு இருந்தவங்க. யவுஸ் குழுவும் பதில் எழுதினாங்க. யார் பக்கம் நியாயம்ங்கறது இருக்கட்டும், இந்தச் சண்டை வெளிப்படையா, அச்சுல நடந்துச்சு பாருங்க, அது ஆரோக்கியம். நம்ம ஊர்ல செமினார்ல ஒரு கேள்வி கேட்டாலே "யாருப்பா அந்தப் பையன், எந்த லேப்?"ன்னு விசாரணை வரும்.

850 மணி நேரம்னா 35 நாள். ஆலையில ஒரு வினையூக்கியை உள்ள போட்டா நாலஞ்சு வருஷம் திறக்க மாட்டாங்க. நாலு வருஷம்னா 35,000 மணி நேரம். உலகத்தோட நல்ல பேப்பர்கள்ல ஒண்ணே அதுல நாற்பதுல ஒரு பங்குதான். என்னோட 24 மணி நேரத்தை நீங்களே வகுத்துப் பாத்துக்கோங்க.

"ட்ரை ரிஃபார்மிங் லேப்லயே இருக்கு, ஆலையில இல்ல"ன்னு சொல்றதும் முழு உண்மை இல்ல. இரும்புத் தாதுவை வாயுவால ஒடுக்குற மிட்ரெக்ஸ் முறை 1969லேருந்து ஓடுது. குஜராத்துல ஹசிராவுலயும் மிட்ரெக்ஸ் உலைகள் இருக்கு. உலை மேல வர்ற வாயுல இருக்குற கரியமில வாயுவையும் நீராவியையும் இயற்கை வாயுவோட சேர்த்து நிக்கல் மேல விட்டுத்தான் சின்காஸ் தயாரிக்கிறாங்க. லிண்டே நிறுவனம் ம்யூனிக் பக்கத்துல புல்லாக்ல 2015ல ஒரு சோதனை ஆலை வச்சு, பிஏஎஸ்எஃப்போட சேர்ந்து இதுக்குன்னே நிக்கல் வினையூக்கி கொண்டு வந்தாங்க. இவங்க யாரும் நீராவியை அடியோட விட்டுடல. கொஞ்சம் நீராவி உள்ள இருந்தா கரி அடங்கும். "சுத்த ட்ரை"தான் பெருமைன்னு அடம் பிடிக்கிறது பேப்பர் எழுதுறவங்க மட்டும்தான்.

அப்புறம் அந்த "கரியமில வாயுவைத் தின்னும்" புரூடா. இந்த வினை தானா நடக்காது, சூடு குடிக்கும். ஒரு மோல் கரியமில வாயுவை மாத்த 247 கிலோஜூல். ஒரு மோல் மீத்தேனை எரிச்சா சுமார் 800 கிலோஜூல் கிடைக்கும். ஒரு பொட்டுச் சூடு கூட வீணாகலன்னு வச்சாலும் ஒரு மோல் தின்ன 0.3 மோல் புகைபோக்கி வழியா வெளிய விடணும். நிஜ உலையில எரிச்ச சூட்டுல பாதிதான் குழாய்க்குள்ள போகும். மிச்சத்துல நீராவி போட்டுக்கலாம், ஆனா புகை புகைதான், 0.6 ஆச்சு. அப்புறம் அந்த டீசலை யாராவது வண்டியில ஊத்தி எரிச்சா தின்னது மட்டுமில்ல, மீத்தேன்ல இருந்த கார்பனும் சேர்ந்து வெளிய வந்துடும். இதுல பூமி எங்க குளிர்ந்துச்சு? கரியமில வாயுவை மூலப்பொருளா பயன்படுத்தலாம்னு சொல்லுங்க, சரி. சாணக்குழி வாயுல ரெண்டும் கலந்தே வருது, அதுக்குப் பொருத்தம்னு சொல்லுங்க, ரொம்பச் சரி. பூமியைக் காப்பாத்துதுன்னு மட்டும் சொல்லாதீங்க. சூட்டை எப்படிக் கொடுக்கறதுங்கறதே தனிக் கேள்வி. 2019ல டேனிஷ்காரங்க குழாயையே மின்சாரத்துல சூடாக்கி ரிஃபார்மிங் ஓட்டிக் காட்டினாங்க. அந்தக் கேள்வியை எங்க லேப்ல யாரும் கேட்டதா ஞாபகமே இல்ல.

இப்ப எதிர்க்கேள்வி வரும். "ஏம்பா, மாணவனுக்கு 30 பார் ரியாக்டர் எங்க இருக்கு? ஆயிரம் மணி நேரம் ஓட்ட கரண்ட் யார் தருவா? மூணு வருஷத்துல ரெண்டு பேப்பர் போடலன்னா வீட்டுக்குப் போகணும்."

நியாயம்தான். நானும் அந்த நியாயத்தைச் சொல்லித்தான் பொத்தானை அமுக்கினேன். ஆனா நான் கேக்குறதுல பாதிக்குக் காசே வேண்டாம். பொடியைக் குறைச்சு, விகிதத்தை வரம்புக்குக் கீழ கொண்டு வந்து ஓட்டக் காசு வேண்டாம். வரைபடத்துல சமநிலைக் கோட்டையும் சேர்த்துப் போடக் காசு வேண்டாம். ஓட்டம் முடிஞ்சதும் எடை போட்டு எத்தனை மில்லிகிராம் கரின்னு எழுதக் காசு வேண்டாம். முன்னாடி செஞ்சவன் பேரைச் சொல்லக் காசு வேண்டாம். "நிலையான"ங்கற வார்த்தைக்குப் பக்கத்துல எத்தனை மணி நேரம்னு தலைப்புலயே போட, கொஞ்சம் வெக்கம் மட்டும் இருந்தா போதும்.

நேர்மையா ஓட்டினா கோடு கீழதான் இறங்கும். இறங்கட்டுமே! எவ்வளவு வேகமா இறங்குது, ஏன் இறங்குதுன்னு எழுதினா அதை வச்சு அடுத்தவன் ஒரு படி மேல ஏறுவான். என்னோட நேர்கோட்டை வச்சு எவனும் எதுவும் செய்ய முடியாது. செஞ்சிருந்தா அவனோட ரெண்டு வருஷம் போச்சு.

அப்படி ஒருத்தன் போயிருக்கான். இத எழுதத் தூண்டினதே அதுதான். சில வருஷம் முன்னாடி ஒரு மாணவன்கிட்டேருந்து மெயில். "அண்ணா, உங்க பேப்பர்ல சொன்ன மாதிரியே செஞ்சேன், ஆறு மணி நேரத்துல குழாய் அடைச்சுக்குது, நான் என்ன தப்பு பண்றேன்?" வாயுவை நீர்க்காம விட்டிருக்கான். எட்டு மாசமா இதையே திரும்பத் திரும்பச் செஞ்சிருக்கான், தன் கையிலதான் கோளாறுன்னு நெனைச்சுக்கிட்டு.

"தப்பு உன்னோடது இல்ல தம்பி"ன்னு பதில் போட்டேன். நோட்ல இருந்த எடையையும், அழுத்தம் ஏறினதையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். அந்த 80 மில்லிகிராம் அன்னைக்குத்தான் முதல்தடவையா லேபை விட்டு வெளிய வந்துச்சு.

நண்பருக்கும் பதில் அனுப்பிட்டேன். "எத்தனை மணி நேரம் ஓட்டினாங்க, எத்தனை கிராம் போட்டாங்க, கரி எவ்வளவுன்னு கேளு. மூணுக்கும் பதில் இருந்தா எனக்கும் சொல்லு, டீயும் பஜ்ஜியும் என் செலவு." இன்னும் பதில் வரல.

பி.கு: இந்தத் துறையில இருக்குறவங்க யாராவது படிச்சா, திட்டணும்னா பேரோட வந்து திட்டுங்க. தப்பு இருந்தா திருத்திக்கிறேன். நேர்கோடு போட்ட அனுபவம் இருந்தா அதையும் சொல்லுங்க. அனானியா வந்தாலும் பரவாயில்ல. :-)